பால் காய்ச்சியாச்சு... விலாசம் வந்துடுச்சா?

சாமான் ஒரே நாளில் போய்ச் சேர்ந்துவிடும். அட்வான்ஸும் முகவரியும்தான் மாதக்கணக்கில் பாதி வழியில் நிற்கின்றன. வீடு மாறப்போகிறவர்கள் வண்டி பிடிப்பதற்கு முன் படிக்க வேண்டிய ரிப்போர்ட்.

மே மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை. வடபழனியில் எந்தக் குறுக்குத் தெருவுக்குள் நுழைந்தாலும் ஒரு குட்டியானை வழியை மறித்துக்கொண்டு நிற்கும். மூன்றாவது மாடி பால்கனியிலிருந்து கயிற்றில் கட்டிய இரும்பு பீரோ சுவரை உரசியும் உரசாமலும் இறங்கிக்கொண்டிருக்கும். "லூஸ் வுடு... வுடு... புடி!" என்று ஒருவர் மட்டும் குரல் கொடுக்க, மற்றவர்கள் பேச்சில்லாமல் வேலை செய்வார்கள். கிரைண்டர் கல் தனி. அண்டாவுக்குள் தலையணை, குக்கருக்குள் கரண்டி, பழைய போர்வைக்குள் சாமி படங்கள். வண்டியின் முன் சீட்டில் துளசித் தொட்டியை மடியில் வைத்தபடி ஒரு பாட்டி. வாசலில் ஹவுஸ் ஓனர், ஒரு கையில் சாவிக்கொத்து, மறு கையில் ஒரு தாள். அதில் கணக்கு: ஆணி அடித்த சுவர், ஒழுகும் குழாய், பெயிண்டிங்.

அந்தக் குடும்பத்துக்கு அன்றைக்கு இரண்டே கவலை. பீரோ நசுங்கக் கூடாது. நாலரை மணி ராகு காலத்துக்குள் புது வீட்டில் எல்லாம் இறங்கிவிட வேண்டும். இரண்டும் சாயங்காலத்துக்குள் தீர்ந்துவிடும். தீராமல் பின்னாலேயே வருவது அந்தத் தாளில் இருக்கும் கணக்கும், ஆதார் முதல் வாக்காளர் அட்டை வரை அச்சாகியிருக்கும் பழைய வீட்டு எண்ணும்தான்.

விலாசத்தை மாற்றாமல் விட்டால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு 2025 டிசம்பரில் பார்த்தது. சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பிறகு வரைவு வாக்காளர் பட்டியல் டிசம்பர் 19 அன்று வெளியானபோது, முன்பிருந்த 6.41 கோடி பெயர்களில் சுமார் 97 லட்சம் காணோம். இறந்தவர்களும் இரட்டைப் பதிவுகளும் போக, 66 லட்சத்துக்கும் அதிகமான பெயர்கள் 'குடிபெயர்ந்தவர், முகவரியில் இல்லாதவர்' கணக்கில் போனவை. சென்னை மாவட்டத்தில் எல்லாக் காரணங்களும் சேர்த்து 14 லட்சத்துக்கு மேல். வேறு ஊருக்குப் போனவர்கள் மட்டுமல்ல, அதே ஊரில் நாலு தெரு தள்ளிக் குடிபோனவர்களும் அதில் உண்டு.

சித்திரையில் தொடங்கி ஆடிக்குள் முடியும் சீசன்

தமிழ்நாட்டில் வீடு மாறுவதற்கென்று ஒரு பருவம் இருக்கிறது. முழுப் பரீட்சை முடிந்து பள்ளி திறப்பதற்குள் ஒரு ஓட்டம். அதில் விட்டால் ஜூலை நடுவில் ஆடி பிறப்பதற்குள் இன்னொரு ஓட்டம். ஆடியிலும் மார்கழியிலும் யாரும் குடிபோக மாட்டார்கள். புரட்டாசியும் பங்குனியும் சில குடும்பங்களுக்கு ஆகாது. மீதி இருக்கும் மாதங்களிலும் செவ்வாய், சனி, அஷ்டமி, நவமி, கரிநாள் எல்லாம் கழித்தால் கையில் நிற்பது சில நாட்கள். அந்தச் சில நாட்களில் ஊரே கிளம்புவதால் லோடுமேன் கிடைக்க மாட்டார், வண்டி வாடகை ஏறும், லிஃப்ட்டுக்கு வரிசை நிற்கும்.

இதற்கு நம்மவர்கள் கண்டுபிடித்த குறுக்கு வழி அருமையானது. நல்ல நாளில் விடியற்காலை நிறைகுடம், உப்பு, மஞ்சள், அரிசி, விளக்கு, சாமி படம் மட்டும் எடுத்துப்போய்ப் பால் காய்ச்சிவிடுவது. அதோடு குடிபோனதாகக் கணக்கு. சாமான் அடுத்த வாரம் ஒரு புதன்கிழமை போகலாம். மாத நடுவில், வார நாளில் கேட்டால் அதே வண்டிக்காரர் இறங்கி வந்து பேசுவார். பழைய வீட்டுக்கும் புது வீட்டுக்கும் சேர்த்து ஒரு வார வாடகை கூடுதலாகக் கொடுக்க நேரலாம். கொடுங்கள். ஏசி மாட்டவும், குழாய் சரிபார்க்கவும், கரப்பான் மருந்து அடிக்கவும், காலி வீட்டில் கிடைக்கும் அந்த ஒரு வாரத்தைவிட மலிவான பாதுகாப்பு கிடையாது.

பலரை வீடு மாற வைப்பது விருப்பமல்ல, பதினோரு மாத ஒப்பந்தம். ஒரு வருடத்துக்கு மேல் போகும் குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்கிறது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். அந்தச் செலவைத் தவிர்க்கப் பிறந்ததுதான் பதினோரு மாத வழக்கம். பத்தாவது மாதம் ஓனர் மாடிப்படியில் நிறுத்தி வைத்து "அடுத்த வருஷம் எப்படி?" என்று கேட்கும்போது, பாதிக் குடும்பங்கள் மனதுக்குள் மூட்டை கட்டத் தொடங்கிவிடுகின்றன.

தண்ணீர் எங்கே வரணும், எங்கே வரக் கூடாது

வீடு பார்க்கப் போகிறவர்கள் மொசைக்கா டைல்ஸா என்று தரையைப் பார்க்கிறார்கள். சென்னையில் பார்க்க வேண்டியது சுவரின் அடிப்பகுதியை. முழங்கால் உயரத்தில் மட்டும் புது பெயிண்ட் பளிச்சென்று இருந்தால் ஏன் என்று கேளுங்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் தரைத்தளத்தில் இருந்தவர்கள் என்ன இழந்தார்கள் என்பது ஊரறிந்த கதை. ஓனரும் புரோக்கரும் "இங்க தண்ணியே நிக்காது சார்" என்பார்கள். தெருமுனையில் இஸ்திரி போடுகிறவரிடமோ மளிகைக் கடையிலோ "2015-ல எந்தப் படி வரைக்கும் வந்துச்சு?" என்று கேட்டால் படியைக் காட்டியே சொல்வார்கள்.

அடுத்தது குடிக்கிற, குளிக்கிற தண்ணீர். மெட்ரோ வாட்டரா, போரா, லாரியா? லாரி என்றால் அதன் செலவு மெயின்டனன்ஸில் அடங்குமா, தனியா? பழைய மகாபலிபுரம் சாலையோர அடுக்குமாடிகளில் இந்த ஒரு கேள்வி மாதச் செலவைப் புரட்டிப்போடும். 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது வாடகையைவிடத் தண்ணீரைப் பற்றித்தான் அந்தப் பகுதி பேசிக்கொண்டிருந்தது. வீடு பார்க்க ஏப்ரல், மே சரியான காலம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். கோடையில் குழாய் ஓடினால் நம்பலாம். மழையில் சுவர் கசிகிறதா என்பதைத்தான் அக்கம்பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மின்சாரத்துக்குத் தனி மீட்டர் உண்டா என்று கட்டாயம் பாருங்கள். மூன்று போர்ஷனுக்கு ஒரே இணைப்பு என்றால் ஓனர் சொல்லும் யூனிட் விலைதான் விலை. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்ற அரசின் சலுகை உங்கள் பங்குக்கு வந்து சேராது. தனி மீட்டராக இருந்தால் சாவி வாங்கும் அன்றே ரீடிங்கை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு இருந்தவர் ஓட்டிய ஏசிக்கு நீங்கள் பணம் கட்ட வேண்டாம்.

"நீங்க என்ன ஆளுங்க?"

மேலே சொன்ன கேள்விகளையெல்லாம் கேட்கும் வசதி எல்லோருக்கும் இல்லை. பலருக்குக் கேள்வி எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. பெயரைக் கேட்டதும் "இப்பத்தான் ஒருத்தர் அட்வான்ஸ் கொடுத்துட்டுப் போனார்" என்பார்கள். அடுத்த வாரமும் அதே டூ லெட் போர்டு அங்கேயே தொங்கும். முஸ்லிம்கள், தலித்துகள், தனியாக வசிக்கும் பெண்கள், கல்யாணமாகாத ஆண்கள், திருநர்கள், ஒவ்வொருவரும் இந்தச் சாக்கின் ஒவ்வொரு வடிவத்தைக் கேட்டிருக்கிறார்கள். 'சைவம் மட்டும்' என்று போர்டிலேயே எழுதுபவர்களும் உண்டு. சமையலறையைப் பற்றிய நிபந்தனைபோலத் தெரியும் அது, பெரும்பாலும் சாதியைக் கேட்கும் நாசூக்கான வழி.

இதனால் இவர்களின் திட்டமே வேறாகிறது. மற்றவர்கள் ஒரு மாதத்தில் முடிப்பதற்கு இவர்களுக்கு மூன்று மாதம் ஆகிறது. கிடைத்த வீட்டில் ஓட்டை உடைசலைச் சுட்டிக்காட்டத் தயங்குகிறார்கள். அட்வான்ஸில் பேரம் பேச முடியவில்லை. பள்ளிக்கூடம் பக்கத்தில் இருக்கிறதா என்பது கடைசிக் கேள்வியாகிவிடுகிறது. வீட்டு வாடகைச் சந்தையில் இந்தப் பாகுபாட்டைத் தடுக்க நேரடியான, நடைமுறையில் வேலை செய்கிற வழி எதுவும் இன்னும் வரவில்லை என்பது வெட்கக்கேடு.

பத்து மாத அட்வான்ஸும் ஒரு மாத பெயிண்டும்

சென்னையில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது நெடுநாள் பழக்கம். காலி செய்யும்போது ஒரு மாத வாடகையைப் 'பெயிண்டிங்' என்று பிடித்துக்கொள்வதும் அப்படியே. எட்டு வருடம் குடியிருந்தாலும் எட்டு மாதம் குடியிருந்தாலும் அதே பிடித்தம். இதில் வேடிக்கை என்னவென்றால், ஒப்பந்தத்தில் அந்த வரி இருக்கிறதா என்று காலி செய்யும் நாளில்தான் பலர் முதல் தடவையாகப் படிக்கிறார்கள்.

சிக்கல் தேதியில் இருக்கிறது. புது வீட்டுக்கு அட்வான்ஸ் இன்றைக்கே கொடுக்க வேண்டும். பழைய வீட்டு அட்வான்ஸ், அடுத்த ஆள் வந்து கொடுத்த பிறகுதான் வரும் என்பார் ஓனர். இடையில் பெரும் தொகை இரண்டு பக்கமும் மாட்டிக்கொள்ளும். நகையை அடகு வைப்பதும் ஆபீஸில் கடன் கேட்பதும் இந்த இடைவெளியை நிரப்பத்தான். பட்ஜெட் போடுகிறவர்கள் லாரி வாடகையை எழுதுவார்கள். இந்த இடைக்கால வட்டியை எழுதுவதில்லை.

காலி செய்வதாகச் சொல்வதை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் சொல்லுங்கள். குடிவரும் அன்றும் கிளம்பும் அன்றும் ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுத்து ஓனருக்கே அனுப்பிவிடுங்கள். விரிசல் விட்ட வாஷ்பேசினை யார் உடைத்தது என்ற வாக்குவாதம் அங்கேயே முடிந்துபோகும்.

---
பெட்டிச் செய்தி: சட்டம் என்ன சொல்கிறது?

1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது.

வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து எண் வாங்க வேண்டும். பதினோரு மாத ஒப்பந்தத்துக்கும் இது பொருந்தும். எழுத்து ஒப்பந்தம் இல்லை என்பதையே காரணமாகக் காட்டி, காலி செய்யக் கோரி ஓனர் மனுச் செய்ய முடியும்.

முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு தொகைக்கு நீங்கள் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருந்தால் அதுதான் செல்லும். பத்து மாத வழக்கம் இன்னும் உயிரோடிருப்பது இந்த ஓட்டை வழியாகத்தான்.

வீட்டை ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக, முன்பணம் திரும்ப வேண்டும்.

குடித்தனம் முடிந்த பிறகும் காலி செய்யாவிட்டால் முதல் இரண்டு மாதம் இரண்டு மடங்கு வாடகை, பிறகு நான்கு மடங்கு. புது வீடு தயாராகவில்லை என்பதற்காகத் தேதியைத் தள்ளுபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

தகராறு வந்தாலும் தண்ணீரையும் மின்சாரத்தையும் ஓனர் துண்டிக்கக் கூடாது.
---

வாடகையே இல்லாத வீடு

மாதாமாதம் வாடகை கொடுப்பதற்குப் பதில் ஐந்து லட்சமோ பத்து லட்சமோ மொத்தமாகக் கொடுத்து, கிளம்பும்போது முழுசாகத் திரும்ப வாங்கிக்கொள்ளும் ஒத்தி முறை நம் ஊரில் பழசு. போக்கியம் என்றும் சொல்வார்கள். இன்றைய பேச்சில் 'லீஸ்'. சேமிப்பு கையில் இருக்கும் குடும்பத்துக்கு இனிப்பான ஏற்பாடு. ஆபத்தும் அதே அளவு.

மோசடி இரண்டு விதமாக வருகிறது. வீட்டின் மேல் ஏற்கெனவே வங்கிக் கடன் இருக்கும். தவணை நின்றதும் ஒருநாள் வங்கி கதவில் நோட்டீஸ் ஒட்டும். அல்லது லீஸ் பணம் வாங்கியவர் ஓனரே அல்ல. ஓனரிடம் மாத வாடகைக்கு எடுத்து உங்களிடம் லீஸுக்கு விட்ட இடைத்தரகர். அவர் வாடகை கட்டுவதை நிறுத்தியதும் உண்மையான ஓனர் வந்து கதவைத் தட்டுவார். பத்திரப்பதிவுத் துறையின் இணையதளத்திலேயே வில்லங்கச் சான்று பார்க்கலாம். ஓனரின் பெயரில் பத்திரம், சொத்து வரி ரசீது, மின்கட்டண அட்டை மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து, அவரையே நேரில் சந்தித்து, அவர் கணக்குக்கே பணம் அனுப்ப வேண்டும். "ஓனர் அமெரிக்காவில இருக்கார், எல்லாம் நான்தான்" என்று ஒருவர் சொன்னால், அவரிடம் பதிவு செய்த அதிகாரப் பத்திரம் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

லாரி ஏறிய பிறகு விலை ஏறினால்

உள்ளூருக்குள் மாற 2005-ல் வந்த டாடா ஏஸ் போதும். நம் ஜனங்கள் அதற்குக் குட்டியானை என்று பெயர் வைத்து, மாட்டுவண்டியும் மீன்பாடி வண்டியும் செய்த வேலையைக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு படுக்கையறை வீடு என்றால் இரண்டு நடை, அல்லது பெரிய வண்டி. பேச வேண்டியது நடைக் கணக்கு மட்டுமல்ல: எந்த மாடி, லிஃப்ட் உண்டா, வண்டி வாசல் வரை வருமா, பீரோவும் கட்டிலும் கழற்றி மாட்டும் கூலி சேர்த்தா, தனியா? அடுக்குமாடி என்றால் அசோசியேஷனையும் விசாரியுங்கள். பதினொன்று முதல் நாலு மணி வரைதான் லிஃப்ட், ஞாயிறு கூடாது, முன்கூட்டி கேட் பாஸ் என்று ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு சட்டம். காலை எட்டு மணிக்கு வந்து இறங்கிய லோடுமேன்கள் பதினொன்று வரை சும்மா உட்கார்ந்தால் அந்தக் கூலியும் உங்கள் தலையில்தான்.

வெளியூர் என்றால் 'பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ்'. நாணயமாக நடத்துபவர்கள் நிறைய பேர். அவர்கள் பெயரைக் கொஞ்சம் திருத்தி வைத்துக்கொண்டு ஏமாற்றுபவர்களும் நிறைய. ஏமாற்றும் முறை எங்கும் ஒன்றுதான். வீட்டை நேரில் பார்க்காமல், போனிலேயே மற்றவர்கள் சொன்னதில் பாதி விலை சொல்வார்கள். சாமான் முழுக்க ஏறி, தார்ப்பாய் கட்டிய பிறகோ, நடுவழியிலோ போன் வரும். எடை கூடிவிட்டது, பெட்டி எண்ணிக்கை கூடிவிட்டது, செக்போஸ்ட்டில் நுழைவு வரி, ஈ-வே பில் இல்லாததற்கு அபராதம். பணம் போட்டால்தான் வண்டி நகரும்.

இந்தச் சாக்குகளில் இரண்டை அங்கேயே உடைக்கலாம். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோதே மாநில நுழைவு வரி போய்விட்டது. உபயோகித்த வீட்டுச் சாமான்களுக்கு ஈ-வே பில் தேவையே இல்லை. விதியிலேயே விலக்கு இருக்கிறது.

எடை பற்றிய சாக்கை உடைக்க, முன்கூட்டியே வேலை செய்திருக்க வேண்டும். ஆள் வந்து வீட்டைப் பார்த்து, ஒவ்வொரு சாமானையும் எழுதி, மொத்தத் தொகையைக் கையெழுத்தோடு கொடுக்க வேண்டும். முன்பணம் கொஞ்சமாக, பாக்கி இறக்கிய பிறகு. வண்டி எண்ணையும் டிரைவரின் அடையாள அட்டையையும் போட்டோ எடுங்கள். லாரி ரசீது இல்லாமல் வண்டியைக் கிளம்ப விடாதீர்கள். 2007-ஆம் ஆண்டுச் சாலைவழிச் சரக்குச் சட்டப்படி உங்கள் பிடி அந்த ரசீதில்தான் இருக்கிறது. அதில் சாமானின் மதிப்பை எழுதாவிட்டால், சேதத்துக்கு அவர்கள் பொறுப்பு பெரும்பாலும் வண்டி வாடகையின் பத்து மடங்கோடு நின்றுவிடும். சேதத்துக்கான நோட்டீஸ், புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் போய்ச் சேர வேண்டும். 'டிரான்சிட் இன்ஷூரன்ஸ்' என்று தனிக் காசு வாங்கினால், காப்பீட்டு நிறுவனத்தின் பெயர் போட்ட பாலிசியைக் கேளுங்கள். மூவர்ஸின் லெட்டர்பேடில் எழுதிக் கொடுப்பது இன்ஷூரன்ஸ் அல்ல.

சாமானைப் பிடித்து வைத்துக்கொண்டு மிரட்டினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நேராகப் போலீஸிலும் புகார் கொடுக்கலாம். நுகர்வோர் ஆணையத்தில் நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போட 2019-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை.

---
பெட்டிச் செய்தி: மெஷின்களுக்கும் பயணப் பத்தியம்

ஃபிரிட்ஜை முதல் நாளே அணைத்து, ஐஸ் உருகியதும் துடைத்துக் காய வையுங்கள். நின்ற நிலையிலேயே போக வேண்டும். இறக்கியதும் சுவிட்சைப் போடாமல் சில மணி நேரம் ஓய்வு.

முன்பக்கக் கதவு வாஷிங் மெஷின் வாங்கியபோது பின்னால் சில போல்ட்கள் இருந்தன. நினைவிருக்கிறதா? டிரம் ஆடாமல் பிடிக்க, பயணத்துக்கு முன் அதை மறுபடி மாட்ட வேண்டும். தூக்கிப் போட்டிருந்தால் சர்வீஸ் சென்டரில் கேளுங்கள்.

ஏசியைக் கழற்றும் முன் கேஸை வெளி யூனிட்டுக்குள் இழுத்து அடைக்கத் தெரிந்த மெக்கானிக் வேண்டும். லோடுமேன் குழாயை வெட்டி எடுத்தால் புது வீட்டில் கேஸ் நிரப்பும் செலவு.

இன்வெர்ட்டர் பேட்டரி சாயக் கூடாது, ஆசிட் வழியும்.

புத்தகங்களைச் சின்ன அட்டைப் பெட்டியில் கட்டுங்கள். பெரிய பெட்டி நிறையப் புத்தகம் போட்டால் அடி பிய்ந்துவிடும், தூக்குபவரின் முதுகும் போகும்.

நகை, பத்திரம், சான்றிதழ், மாத்திரை, லேப்டாப் எதுவும் லாரி ஏறக் கூடாது.

ஊறுகாய் ஜாடி உங்கள் மடியில்.
---

அந்த வீடு யார் தலைக்குள் இருக்கிறது?

கட்டிய பெட்டிகளின் மேல் 'கிச்சன்', 'பூஜை' என்று எழுதுவது வீட்டுக்காரராக இருக்கலாம். எந்தப் பெட்டியில் எந்த டப்பா என்பது அம்மாவின் தலைக்குள் இருக்கிறது. புது ஊரில் பால் யார் போடுவார், மாவு எங்கே கிடைக்கும், மாமியாருக்குப் பிசியோதெரபி எங்கே என்று மறுபடி முதலிலிருந்து பிடிக்க வேண்டியதும் அவர்தான். வேலைக்குப் போகும் பெண்ணுக்குப் பக்கத்து வீட்டு அக்காவை இழப்பது சின்ன விஷயமல்ல. மூன்றரைக்குப் பள்ளி விட்டு வரும் பிள்ளைக்குக் கதவு திறந்து, ஆறரை வரை பார்த்துக்கொண்ட ஆள் அவர். அந்த ஏற்பாடு குலைந்ததும் வேலையை விட்ட பெண்கள் உண்டு. வீடு மாறும் பட்ஜெட்டில் அந்தச் சம்பளத்தை யாரும் கழிப்பதில்லை.

பரணைக் காலி செய்வது ஒரு மாதத்துக்கு முன்பே தொடங்க வேண்டிய வேலை. கடைசி வாரத்துக்கு அதைத் தள்ளிவைத்த வீடுகளில் கல்யாணத்துக்கு வந்த பித்தளைக் குத்துவிளக்கும் உடைந்த மிக்ஸி ஜாரும் ஒரே பெட்டியில் பயணம் செய்கின்றன. எதைப் பழைய பேப்பர்காரருக்குப் போடுவது என்பதில் வீட்டுப் பெரியவர்களிடம் அவசரப்படுத்தினால் சண்டைதான் மிஞ்சும்.

திட்டமிட அவகாசம் கிடைக்காதவர்கள்

இதுவரை சொன்ன எல்லாமே தேதியைத் தாங்களே குறிப்பவர்களுக்கு. சென்னையில் தேதியை அரசு குறிக்கும் வீட்டு மாற்றங்களும் நடக்கின்றன. அடையாறு, கூவம் கரைகளில் இருந்த குடும்பங்கள் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்டன. 2015 வெள்ளத்துக்குப் பிறகு இந்த வேகம் கூடியது. 1970-ல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. நகரத்தின் நடுவிலிருந்து விளிம்புக்குப் போகும் திசை மாறவில்லை.

மயிலாப்பூரிலும் நுங்கம்பாக்கத்திலும் நாலைந்து வீடுகளில் வேலை செய்த பெண்ணுக்கு, பெரும்பாக்கத்திலிருந்து விடிகாலை பஸ் பிடித்தாலும் முதல் வீட்டுக்கு நேரத்தில் போக முடியாது. வேலை போகிறது. கல்வியாண்டின் நடுவில் இடம் மாற்றப்பட்ட பிள்ளைகள் பழைய பள்ளிக்கே பல மைல் போய்வருகிறார்கள். நாளடைவில் சிலர் நிற்கிறார்கள். எட்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டால் மீன்கூடைக்காரம்மா கூடையோடு படியேற வேண்டும். சிமென்ட் வீடு கிடைத்ததை நன்மை என்று சொல்பவர்களும் அங்கே இருக்கிறார்கள், அது பொய்யல்ல. ஆனால் பிழைப்பை விட்டுவிட்டு வீட்டை மட்டும் கொண்டுபோய் வைத்தால் எப்படி?

எட்டு இடத்தில் பழைய வீட்டு நம்பர்

முகவரி மாற்றத்துக்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் வாடகை ஒப்பந்தம். அதை வைத்து ஆதாரில் முகவரியை இணையத்திலேயே மாற்றலாம். ஆதார் மாறிவிட்டால் வங்கியும் மற்றவையும் சுலபம். ஒப்பந்தத்தில் ஒருவர் பெயர்தான் இருக்கும் என்பதால் மனைவி, பெற்றோர் ஆதாரை மாற்றும்போது இடிக்கும். எழுதும்போதே வீட்டிலுள்ள பெரியவர்கள் எல்லோர் பெயரையும் சேர்க்கச் சொல்வது நல்லது.

வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8. அதே தொகுதிக்குள் மாறினாலும், வேறு தொகுதிக்குப் போனாலும் அதுதான். பட்டியலிலிருந்தே பெயர் போய்விட்டது என்றால் படிவம் 6 போட்டுப் புதிதாகச் சேர வேண்டும். அட்டை கையில் இருப்பதற்கும் பட்டியலில் பெயர் இருப்பதற்கும் சம்பந்தமில்லை.

2020 அக்டோபரில் ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டம் வந்த பிறகு கைரேகை வைத்து வேறு கடையிலும் அரிசி வாங்க முடிகிறது. அதனால் அட்டையை மாற்றாமலே காலம் தள்ளுகிறார்கள். பொங்கல் பரிசு டோக்கன் பழைய தெருவுக்குப் போகும்போதுதான் ஞாபகம் வரும்.

கேஸ் இணைப்பில் ஊருக்குள்ளேயே அதே நிறுவனத்தின் வேறு ஏஜென்சிக்கு மாறுகிறீர்கள் என்றால் சிலிண்டரைத் திருப்பித் தர வேண்டியதில்லை, கையோடு கொண்டுபோகலாம். வெளியூர் என்றால் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து, டெபாசிட்டைத் திரும்ப வாங்கி, அதற்கான வவுச்சரைப் பத்திரப்படுத்துங்கள். நிறைந்த சிலிண்டரைச் சாமானோடு லாரியில் மறைத்து வைப்பது உயிரோடு விளையாடுவது.

வண்டி வைத்திருப்பவர்கள் முகவரி மாறிய 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குச் சொல்ல வேண்டும். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் ஓட்டுவதென்றால் தடையில்லாச் சான்று வாங்கி அங்கே மறுபதிவு. பெங்களூருவுக்கு மாறியவர்கள் இதைத் தள்ளிப்போட்டு, சிக்னலில் நிறுத்தும்போது வருந்துகிறார்கள்.

பிள்ளைகளின் டி.சி. வரவில்லை என்பதற்காக எட்டாம் வகுப்பு வரை அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகள் சேர்க்கையைத் தாமதிக்கக் கூடாது. கல்வி உரிமைச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு அதைச் சொல்கிறது. பழைய பள்ளியிலிருந்து எமிஸ் எண்ணை மட்டும் மறக்காமல் வாங்கி வாருங்கள். ஒன்பதாம் வகுப்பிலும் பிளஸ் ஒன்னிலும் இருக்கும் பிள்ளையை வருடத்தின் நடுவில் பெயர்ப்பதைத் தவிர்க்க முடிந்தால், ஆறு மாத வாடகை வித்தியாசத்தைப் பொறுத்துக்கொண்டாவது தவிர்ப்பது நல்லது.

இவ்வளவு செய்தாலும் ஏதோ ஒரு காப்பீட்டு நிறுவனமோ வங்கியோ பழைய விலாசத்துக்கே கடிதம் அனுப்பும். பழைய பகுதித் தபால் நிலையத்தில் புது முகவரியை எழுதிக் கொடுத்தால் தபாலைத் திருப்பி விடுவார்கள். கிளம்பும் அன்று வாட்ச்மேனிடமும் மாடி வீட்டுக்காரரிடமும் போன் நம்பரைக் கொடுத்து வையுங்கள். புது ஏ.டி.எம். கார்டும் காசோலைப் புத்தகமும் பெரும்பாலும் நீங்கள் காலி செய்த வீட்டு வாசலுக்குத்தான் முதலில் வரும்.